தாமிரபரணியில் விடப்படும் துணிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியைத் தாயென்று வணங்கும் நாமே, பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணிகளை ஆற்றில் விட்டுச் செல்கிறோம். செயற்கை இழைத் துணி எளிதில் மக்குவதில்லை. பாறை இடுக்குகளில் சிக்கி, நீராடுவோரின் கால்களைச் சுற்றிக்கொள்கிறது. அதை இழுத்து அகற்றும் வேலை தூய்மைப் பணியாளர்களின் தலையில் விழுகிறது. நம் பாவம் கழிய இன்னொருவர் நம் அழுக்கைச் சுமப்பது வழிபாடாகுமா? 2018 மகா புஷ்கரத்தில் லட்சக்கணக்கானோர் புனிதமென்று மூழ்கிய இந்த நீரே தூத்துக்குடி வரை குடிநீராகவும் போகிறது. கரையிலேயே துணிகளைப் பெற்றுக்கொள்ளக் கோயில் நிர்வாகம் ஏற்பாடு செய்வதோடு, பணியாளர்களுக்குக் கையுறையும் நியாயமான ஊதியமும் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், அம்பாசமுத்திரம்