சாடியின் தண்ணீர் வற்றவிடாத அம்மாவுக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

அன்பார்ந்த ஸ்காபரோ உறவுகளுக்கு,

கடந்த வெள்ளிக்கிழமை மாலை, சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையலைப் பரிமாறும் எங்கள் உணவகம் மீண்டும் திறந்தது. நாங்கள் எல்லோரும் ஷிஃபூ என்றழைக்கும் தலைமைச் சமையலாளர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, இப்போது குசினியில் ஒரு நாற்காலியில் அமர்ந்தபடி எங்களை வேலை வாங்குகிறார். இந்தக் குளிர்காலத்தில் அவர் மருத்துவமனையில் இருக்க, கடை பூட்டிக் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாதாகையால், அவரிடம் தொழில் பழகிய யாழ்ப்பாணத்தவனான நான் அவர் சார்பிலும் என் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி பக்கத்துத் தையல் கடை அம்மாவுக்கு உரியது. எங்கள் குசினியின் பின்மூலையில் ஒரு மண்சாடி இருக்கிறது. அதன் கழுத்தைச் சுற்றி வாய்க்கால் போன்ற விளிம்பு உண்டு; அதில் தண்ணீர் ஊற்றி, மூடியைக் கவிழ்த்து வைத்தால், உள்ளே புளிக்கும் காய்கறியின் வாயு குமிழியிட்டு வெளியேறுமே தவிர வெளிக்காற்று உள்ளே நுழையாது. உப்பும் இஞ்சியும் சிச்சுவான் மிளகும் சேர்ந்த அந்த உப்புநீரை, ஷிஃபூ கடை தொடங்கிய காலத்திலிருந்து ஒருமுறைகூட முழுதாக மாற்றியதில்லை. கடுகுக்கீரை, பயற்றங்காய், சிவப்பு மிளகாய் எல்லாம் அதில் ஊறித்தான் எங்கள் புளிக்கீரை மீனுக்கும் மற்றக் கறிகளுக்கும் சுவை வருகிறது. விளிம்புத் தண்ணீர் வற்றினால் காற்றுப் புகுந்து வெண்படலம் படர்ந்து, ஆண்டுக்கணக்கில் பேணிய அந்த நீர் கெட்டுப்போகும். கனடாக் குளிர்காலத்தில் வெப்பமூட்டி காற்றை உலர்த்திவிடுவதால் அது விரைவிலேயே வற்றும்.

கடை பூட்டிக் கிடந்த நாட்களில் எங்களில் எவருக்கும் சாடியின் நினைவு வரவில்லை. எங்கள் நினைவெல்லாம் மருத்துவமனையிலேயே இருந்தது. திறப்பு மட்டும், பொருள் கொண்டுவருபவர்களுக்காகத் தையல் கடையில் இருந்தது. திரும்பி வந்து விளக்கைப் போட்டபோது சாடியின் விளிம்பு நிறையத் தண்ணீர் நின்றது. மூடியைத் திறந்தால் தெளிந்த நீர், புளிப்பு மணம், படலத்தின் சுவடே இல்லை. பின்கதவு வழியாக ஷிஃபூ ஒவ்வொரு மாலையும் தண்ணீர் ஊற்றுவதை அந்த அம்மா பார்த்திருக்கிறார். யாரும் கேளாமலே, தன் கடையைப் பூட்டியபின் வந்து, கொதித்தாறிய தண்ணீரை விளிம்பில் மட்டும் ஊற்றி, மூடியைத் தொடாமல் போயிருக்கிறார். ஊறுகாய் போட்டுப் பழகிய கைக்கு எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. நான் நன்றி சொல்லப் போனபோது, "வற்றிப்போய்க் கிடந்தது தம்பி, ஊத்தினன்" என்றதோடு தைப்பதற்குத் திரும்பிவிட்டார். செய்தி கேட்ட ஷிஃபூ நெடுநேரம் பேசவில்லை. வீடு வந்த மறுநாள் தடியூன்றிக்கொண்டு தையல் கடைக்குப் போய், அவர் முன் தலை தாழ்த்தி நின்றார்.

பணம் தந்தவர்கள், மருத்துவமனையில் இரவு விழித்திருந்தவர்கள், பனியில் கார் ஓடியவர்கள், மருத்துவர் சொன்னதை மொழிபெயர்த்தவர்கள், எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்தவர்கள் என அனைவருக்கும் நாங்கள் கடன்பட்டுள்ளோம். எங்களைப் பற்றி நாலு வரி எழுதிய இளையோருக்கும் அவ்வாறே. 1960களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் செசிலியா சியாங் தொடங்கிய 'மாண்டரின்' உணவகம் ஆள் வராமல் தவித்தபோது, ஹெர்ப் கேன் தன் பத்திரிகைப் பத்தியில் எழுதிய சில வரிகளே அதன் மேசைகளை நிரப்பின. உங்கள் எழுத்தும் எங்களுக்கு அதையே செய்தது.

சிச்சுவானின் தலைநகரான செங்டுவிலிருந்து வந்த புதிதில், இனிப்புப் புளிப்புக் கோழியுருண்டை இல்லையா என்று கேட்டுத் திரும்பிப் போனவர்களே அதிகம் என்று ஷிஃபூ சொல்வார். ஆனாலும் அந்த உருண்டையை அவர் ஒருநாளும் இழித்துப் பேசியதில்லை. 1923 முதல் 1947 வரை சீனர் குடிவரவை ஏறக்குறைய முற்றாக அடைத்த சட்டத்தின் கீழ், குடும்பத்தைப் பிரிந்து, கனடாவின் சிற்றூர்களில் கிடைத்ததைக் கொண்டு அடுப்பெரித்தவர்களின் உழைப்பு நமக்கு முன்னே நிற்கிறது என்பார். தான் மட்டும் சிச்சுவானின் பிசியான் ஊர் அவரை மிளகாய் விழுதையும், புளித்த கறுப்புச் சோயா அவரையையும், நாக்கை மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகுப் பொடியையும் குறைக்காமல், மாபோ தோஃபு என்னும் உறைப்பான சோயாக்கட்டிக் கறியைச் சமைத்தார். அந்தப் பிடிவாதம் சரியானது என்றே நான் நம்புகிறேன். உறைப்புக்குப் பழகிய நம்மவர்களும் முதல் வாயில் திகைத்தார்கள்; பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவர் கையளவும் பக்குவமும் எங்கள் தலைமுறையோடு அற்றுப்போக விடமாட்டேன் என்று இம்மடலில் உறுதி தருகிறேன். பழைய சாடியின் நீரை எடுத்து இரண்டாவது சாடி ஒன்றைத் தொடங்கியுள்ளோம். வீட்டில் போட்டுப் பார்க்க விரும்புவோர், எண்ணெய் படாத, கழுவி உலர்த்திய போத்தலோடு பிற்பகலில் பின்கதவுக்கு வாருங்கள். ஷிஃபூவே ஊற்றித் தருவார்.

நன்றியுடன்,
குசினியிலிருந்து ஒருவன்