பாப்பா கேட்ட கேள்வி

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். பதிலைப் போனில் சொன்னால் சொல்ல வந்தது பாதி விட்டுப்போகும் என்று தாளை எடுத்துவிட்டேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். வீட்டில் அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் முழங்கால் மாடிப்படியைத் தவிர மற்றதற்கெல்லாம் ஒத்துழைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பாப்பா அமெரிக்காவில் பைலட் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், இன்னும் ப்ரொபேஷன், பறக்கக் கற்றுக்கொள்ள வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. இந்த நேரத்தில் பைலட்டுகள் ஸ்ட்ரைக்குக்கு வாக்களித்திருக்கிறார்கள். "வெளியே நிற்கவா, மறியலைத் தாண்டி உள்ளே போகவா? தாத்தா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று அவள் கேட்டதாகச் சொன்னாய். உன் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். என் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

அவள் விமானப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்தே அந்த ஊர் விமானக்காரர்களின் கதைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் பைலட்டுகளின் ஸ்ட்ரைக்கைக் கட்டுப்படுத்துவது ரயில்வே தொழிலாளர் சட்டம்தான், தெரியுமா? 1926ல் ரயில்காரர்களுக்காகப் போட்டது, 1936ல் விமானத்துக்கும் நீட்டினார்கள். அரசின் மத்தியஸ்த வாரியம் இரண்டு தரப்பையும் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, அதன் பிறகு 30 நாள் பொறுத்த பிறகுதான் வேலையை நிறுத்த முடியும். அதனால் வாக்களித்துவிட்டார்கள் என்றால் நாளைக்கே ஸ்ட்ரைக் என்று அர்த்தமில்லை. அவளுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

நான் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது கான்டினென்டல் என்ற விமானக் கம்பெனியின் கதை. 1983 ஆகஸ்டில் அங்கே மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பைலட்டுகள் அந்த மறியலைத் தாண்டிப் போய் விமானத்தை ஓட்டினார்கள். நம் சண்டை இல்லையே என்று நினைத்திருப்பார்கள். செப்டம்பர் 24ஆம் தேதி முதலாளி ஃபிராங்க் லொரென்சோ கம்பெனியைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். பைலட்டுகளின் ஒப்பந்தமும் கிழிந்தது. ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வருகிறவர்களுக்கு ஏறத்தாழ பாதிச் சம்பளம் என்றார்கள். கேப்டனுக்கே வருடம் 43,000 டாலர். அக்டோபர் 1ஆம் தேதி பைலட்டுகள் தாங்களே வெளியே வந்து நின்றார்கள். இப்போது அவர்கள் போட்ட மறியலைத் தாண்ட வேறு ஆட்கள் இருந்தார்கள், அவர்களுடைய சொந்த ஆட்களும் இருந்தார்கள். அந்தப் போராட்டம் இரண்டு வருடம் இழுத்து, 1985 அக்டோபரில் தோல்வியில் முடிந்தது.

அதே 1985ல் யுனைடெட் விமானக் கம்பெனியில் நடந்ததைப் பாப்பாவுக்கு அவசியம் சொல். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் குறைந்த சம்பளம், பழையவர்களுக்குப் பழைய சம்பளம் என்று இரண்டு அடுக்கு கொண்டுவரப் பார்த்தது நிர்வாகம். மே 17ஆம் தேதி ஸ்ட்ரைக் தொடங்கியது. அதற்கு முன்பே ஏறத்தாழ 570 புதிய பைலட்டுகளுக்கு டென்வரில் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள், ஸ்ட்ரைக் வந்தால் அவர்களை வைத்து ஓட்டிவிடலாம் என்று. வேலைக்கு வா, வராவிட்டால் உனக்கு வேலையே கிடையாது என்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் இன்னும் ஒரு நாள் சீனியாரிட்டிகூட இல்லை. கடன், குடும்பம் எல்லாம் பாப்பாவைப் போலத்தான். ஆனால் மிகச் சிலரைத் தவிர ஒருவரும் உள்ளே போகவில்லை. சம்பளப் பேச்சு முடிந்த பிறகும் எல்லாரும் எப்படி வேலைக்குத் திரும்புவது, இந்த 570 பேரை என்ன செய்வது என்பதிலேயே பிரச்சினை நீண்டு, ஸ்ட்ரைக் மொத்தம் 29 நாள் போனது. அப்போதும் அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். மூத்தவர்கள் அவர்களைக் கைவிட்டிருக்கலாம், விடவில்லை.

ஆனால் நல்ல கதையை மட்டும் சொல்லி அந்தப் பெண்ணை ஏமாற்றக் கூடாது. ஈஸ்டர்ன் விமானக் கம்பெனியில் 1989 மார்ச்சில் மெக்கானிக்குகள் வெளியே வந்தபோது பைலட்டுகள் கூடவே நின்றார்கள். முதலாளி அதே லொரென்சோ. நவம்பரில் பைலட்டுகள் சோர்ந்துபோய் ஸ்ட்ரைக்கைக் கைவிட்டார்கள், 1991 ஜனவரியில் கம்பெனியே மூடிவிட்டது. சரியான பக்கம் நின்றவர்களும் எல்லாவற்றையும் இழந்தார்கள். சட்டமும் பெரிய துணை இல்லை. ஸ்ட்ரைக்கில் நிற்கிறவரின் இடத்தில் நிரந்தரமாகவே வேறு ஆளைப் போடலாம். டிடபிள்யூஏ என்ற விமானக் கம்பெனியின் பணிப்பெண்கள் வழக்கில் 1989ல் உச்ச நீதிமன்றம், மறியலைத் தாண்டி வந்த ஜூனியர் பிடித்த இடத்தை, கடைசிவரை வெளியே நின்ற சீனியர் திரும்பக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு நான் அவளை மறியலைத் தாண்டி உள்ளே போக வேண்டாம் என்றே சொல்லுவேன். ஏன் என்பதற்கு நம் வீட்டுக் கதைக்குத்தான் வர வேண்டும்.

1974 மே மாதம் நாம் ஆறாம் வகுப்பு முடித்திருந்தோம். நாடு முழுக்க ரயில் ஸ்ட்ரைக், 20 நாள். உன் அப்பா ஜெயிலுக்குப் போனார். என் அப்பா நாலாவது நாள் ரயில் எஞ்சின் ஷெட்டுக்கு வேலைக்குப் போனார். அக்காவுக்கு டைபாய்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வைப்பார்கள் என்று காலனி முழுக்கப் பேச்சு. விடியற்காலை அம்மா கேரியரில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அப்பா அதை வேட்டி மடிப்புக்குள் மறைத்து எடுத்துப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் எங்கள் பச்சைக் கதவில் சாக்பீஸால் "கருங்காலி" என்று எழுதியிருந்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். மரத்தின் ரேகைக்குள் போன "கா" மட்டும் போகவில்லை. மழைக்காலம் வரை அது இருந்தது. கோடாலிக்குக் காம்பாகி, தான் பிறந்த காட்டையே வெட்டும் மரம் என்று அந்தச் சொல்லுக்குத் தமிழ் வாத்தியார் அர்த்தம் சொன்னபோது வகுப்பில் நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதை நான் மறக்கவில்லை மாப்ளே.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். 1977ல் உன் அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்த பிறகு, ஒரு நாள் இரண்டு பேரையும் ஒரே எஞ்சினில் போட்டுவிட்டார்கள். விழுப்புரம் போய்த் திரும்பும் டியூட்டி. என் அப்பா டிரைவர், உன் அப்பா ஃபயர்மேன். கூட இருந்த இரண்டாவது ஃபயர்மேன் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார். போகவும் வரவும் சிக்னலை ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லியது மட்டும்தான் பேச்சாம். தண்ணீர் கூஜாவைக்கூடக் கேட்டு வாங்கவில்லையாம். அந்த நெருப்பில், அவ்வளவு சின்ன இடத்தில். அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பா செத்த அன்றைக்கு உன் அப்பா வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே வராமலே திரும்பிப் போனார். அந்த ஜோடிச் செருப்பை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விமானத்திலும் அப்படித்தானாம். மறியலைத் தாண்டியவரோடு காக்பிட்டில் செக்லிஸ்ட் தவிர ஒரு சொல் பேசாத ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஓசியில் பயணம் செய்ய ஜம்ப்சீட், அதாவது காக்பிட்டில் இருக்கும் கூடுதல் இருக்கை, கேட்டால் கேப்டன் மறுப்பார். 83லும் 85லும் உள்ளே போனவர்களின் பெயர்ப் பட்டியல் பல வருடம் மற்ற பைலட்டுகளின் பைக்குள் கிடந்தது. அந்தத் தொழிலில் கம்பெனி மாறினால் சீனியாரிட்டி போய்விடும், கடைசி ஆளாகத்தான் தொடங்க வேண்டும். ஆகவே அதே முகங்களோடுதான் அவள் முப்பது வருடம் உட்கார வேண்டும்.

அவளை இப்போதே சங்கத்தின் ஸ்ட்ரைக் கமிட்டியிடம் பேசச் சொல். ப்ரொபேஷனில் இருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு, செலவுக்கு என்ன ஏற்பாடு என்று நேராகவே கேட்கட்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. கடன் தவணை நாலைந்து மாதத்துக்கு நானும் என் பங்குக்கு ஏதாவது அனுப்புகிறேன், நீ மறுக்கக் கூடாது. பென்ஷனில் மிச்சம் பிடித்தது சும்மாதான் கிடக்கிறது. என் அப்பாவுக்கு அந்த நாலாவது நாள் யாராவது வந்து அக்காவின் மருந்துக்குப் பணம் கொடுத்திருந்தால் போயிருக்கவே மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

அப்படியும் அவள் போகிற நிலை வந்தால், போவதற்கு முந்தின ராத்திரி எனக்குப் போன் செய்யச் சொல். எத்தனை மணியானாலும் எடுப்பேன். அவளைத் திட்ட மாட்டேன். இந்தக் கதையை அவள் அப்பனிடமிருந்து இல்லாமல் என் வாயால் ஒரு தடவை கேட்கட்டும்.

அப்புறம், நம் பழைய குவார்ட்டர்ஸ் வரிசையை அடுத்த மாதம் இடிக்கிறார்களாம். எங்கள் வீட்டுக் கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது, மேலே மூன்று தடவை பெயின்ட் அடித்துவிட்டார்கள். இடிக்கும் முன் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அன்புள்ள
மாப்ளே