கார்டை விட கேபிள் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லேப்டாப்புக்கு வெளியே தனிப் பெட்டியில் வைக்கும் கிராபிக்ஸ் கார்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கார்டு நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதியவர், கேபிளைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திவிட்டார். நான்கு வருடமாக இப்படியொரு பெட்டியை வைத்து 3டி வேலை பார்த்து வருகிறேன். காசு வீணாவதும் பயன்படுவதும் அந்தக் கேபிளைப் பொறுத்துத்தான்.

மேசைக் கணினியில் கார்டு உட்காரும் ஸ்லாட்டுக்கு வழக்கமாக 16 பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் (புராசஸருக்கும் கார்டுக்கும் நடுவே தரவு ஓடும் பாதைகள்) உண்டு. பெட்டியை லேப்டாப்போடு சேர்க்கும் தண்டர்போல்ட் இணைப்பில், 3, 4 இரண்டு பதிப்புகளிலும் கிடைப்பது அதிகபட்சம் 4 தடங்கள்தான், அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறை. நொடிக்கு 40 ஜிகாபிட் வேகம் என்று விளம்பரம் செய்தாலும் கார்டுக்கு அதிகபட்சம் 32 ஜிகாபிட். நடைமுறையில் அதைவிடக் குறைவு. இதில் லேப்டாப்பின் திரையிலேயே கேம் ஆடினால், கார்டு வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும், அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும். மானிட்டரை நேராகக் கார்டில் சொருகினாலே நல்ல வித்தியாசம் தெரியும். இன்னொன்று, 4கே போன்ற உயர்ந்த ரெசல்யூஷனில் வேக இழப்பு குறைவாகவும், குறைந்த ரெசல்யூஷனில் நிறைய ஃபிரேம் எதிர்பார்க்கும்போது அதிகமாகவும் இருக்கும். நொடிக்கு எத்தனை ஃபிரேமோ அத்தனை தடவை புராசஸரும் கார்டும் பேசிக்கொள்ள வேண்டுமே!

ரெண்டரிங், அதாவது 3டி காட்சியைப் படமாக மாற்றும் வேலை, அதன் கதை வேறு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் காட்சி முழுவதும் ஒருமுறை கார்டின் மெமரிக்குள் ஏறிவிட்டால் அப்புறம் கேபிளுக்குப் பெரிதாக வேலை இல்லை. இரவில் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற என் போன்றவர்களுக்கு இந்தப் பெட்டி உண்மையிலேயே வரம். வீட்டுக் கணினியில் ஏஐ மாடல் ஓட்டுவதும் இப்படித்தான், மாடல் கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை. அடங்காமல் வெளியே வழிந்தால் வேகம் படுத்துவிடும்.

நான் முதலில் ஏமாந்தது போர்ட் விஷயத்தில். "டைப்-சி இருந்தால் போதும்" என்று விற்றவர் சொன்னதை நம்பிப் பெட்டியை வாங்கிவந்தேன். என் பழைய லேப்டாப்பில் இருந்ததும் டைப்-சி-தான், ஆனால் தண்டர்போல்ட் இல்லை. லேப்டாப்பை மாற்றும்வரை பெட்டி சும்மா கிடந்தது. டைப்-சி போர்ட்டில் வரும் புதிய யுஎஸ்பி4 தரம் என்று போட்டிருந்தாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வசதி கட்டாயமில்லை. அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு, இன்டெல் சிப் மாடல்களில் 2018 முதல் ஆப்பிள் கொடுத்த ஆதரவு 2020-இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்தபோது தொடரவில்லை.

வெளிப்பெட்டியை இணைக்கும் இன்னொரு வழியான ஆக்யூலிங்க் கேபிள் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. நான்காம் தலைமுறையின் 4 தடங்கள், 64 ஜிகாபிட். ஆனால் கணினி ஓடும்போது கழற்றி மாட்டக் கூடாது, லேப்டாப்புக்கு அதில் சார்ஜும் ஏறாது. தண்டர்போல்ட் 5 வேகத்தில் அதற்கு இணையாக வருவதோடு இந்த இரண்டு குறையும் இல்லாதது.

அடுத்த முறை ஒரே கார்டை ஸ்லாட்டிலும் பெட்டியிலும், லேப்டாப் திரையிலும் தனி மானிட்டரிலும் ஓட்டிப் பார்த்து, கிடைத்த எண்களை அச்சிடுங்கள். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்