நூறு சொட்டு எத்தனை மில்லி?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. ஏழாம் வகுப்புக்கு அளவீட்டையும் சராசரியையும் செயல்திட்ட வழியில் நடத்தப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் வரிசைதான் இடிக்கிறது. மூன்று வாரம் பாடத்தை முடித்துவிட்டு நான்காவது வாரம் ‘தண்ணீர் சேமிப்பு’ என்று புராஜெக்ட் கொடுத்தால், வந்து குவிவது சார்ட்டும் தெர்மாகோலும்தான். அதிலும் பாதி வீட்டுப் பெரியவர்களின் கைவண்ணம். 1918-லேயே அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் புராஜெக்ட் முறையைப் பற்றி எழுதும்போது, பிள்ளை மனமொன்றி, ஒரு நோக்கத்தோடு செய்யும் வேலையைத்தான் நடுவில் வைத்தார். பசைக்கு அதில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை!

புராஜெக்ட் தொடங்கும் நாளிலேயே பாடமும் தொடங்கட்டும். சராசரி எதற்கு என்று பிள்ளைக்கே தேவைப்படுகிற இடத்தில் சராசரியை நடத்து.

முதலில் கேள்வியை மாற்று. ‘தண்ணீர் சேமிப்பு’ வெறும் தலைப்பு. ‘நம் பள்ளிக் குழாய்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஒழுகி வீணாகிறது? எந்தக் குழாயை முதலில் சரிசெய்ய வேண்டும்?’ என்று கேள். இதை அளக்கலாம், ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், அந்த முடிவு யாருக்குத் தேவை என்பதும் தெரியும்: தலைமையாசிரியருக்கு. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கேள்வியை விட்டுவிடு.

இனி சொட்டுக்கு வருகிறேன். விநாடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு குழு, மில்லிக்கு 20 சொட்டு என்று எங்கோ படித்ததைப் போட்டு, 4.3 லிட்டர் என்று முடித்துவிடும். பக்கத்துக் குழு குழாய்க்கடியில் அளவுசாடியை வைத்து 100 சொட்டு பிடித்தால் 5 மில்லி வராது. 13 மில்லி வரலாம். அப்படியானால் நாளைக்கு 11.2 லிட்டர். இருபது சொட்டுக் கணக்கு மருந்து டிராப்பர் மாதிரிக் குறுகிய முனைக்கு உரியது. குழாயின் வாய் அகலமானது; அகன்ற விளிம்பில் அதிகத் தண்ணீர் தொங்கிய பிறகுதான் சொட்டு கழன்று விழும். இரண்டு குழுவும் மோதிக்கொள்ளும்போது விடையைச் சொல்லிவிடாதே. ஒரே குழாயில் மூன்று முறை அளக்கச் சொல். 12, 14, 13 என்று வந்ததும், ‘இதில் எதை எழுதுறது மிஸ்?’ என்று கேட்பார்கள். உடனே கரும்பலகைக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் சராசரி நடத்து. செயல்திட்டம் என்றால் ஆசிரியர் வாயைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இந்த புராஜெக்டுக்கான பன்னிரண்டு பீரியடில் நான்கையாவது நீ நேரடியாக நடத்த வேண்டியிருக்கும்.

கருவியைப் பார்த்து எடு. 500 மில்லி கோப்பையில் 13 மில்லியைப் படிக்க முடியாது. 25 மில்லி அளவுசாடி வேண்டும். சொட்டு எண்ண முடியாத வேகத்தில் விழுந்தாலோ நூலாக ஒழுகினாலோ, 60 விநாடி பிடித்து 1,440-ஆல் பெருக்கட்டும். மேல்தொட்டி நிறைந்திருக்கும்போது ஒழுக்கு வேகமாகவும், குறைந்தபின் மெதுவாகவும் இருக்கும். காலையும் மாலையும் அளக்காமல் ‘ஒரு நாளைக்கு’ என்று எழுத விடாதே. நடுவில் யாராவது குழாயைச் சரிசெய்துவிட்டால் பதறாதே. முன், பின் என்று ஒப்பிட இன்னொரு எண் கிடைக்கும்.

குழுவுக்கு நாலு பேர் போதும். ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பான். எண்ணுபவர், நேரம் பார்ப்பவர், குறிப்பவர், சரிபார்ப்பவர் என்ற பொறுப்புகளை மூன்று பீரியடுக்கு ஒருமுறை மாற்று. இல்லாவிட்டால் கையெழுத்து அழகான பெண் கடைசிவரை எழுத்தராகவே இருந்துவிடுவாள். நாற்பது பேருக்குப் பத்துக் குழு. ஒரே பீரியடில் பத்தையும் பார்க்கப் போனால் எல்லாரிடமும் ‘ம், நல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே நகர வேண்டியதுதான். ஒரு பீரியடில் ஐந்து, குழுவுக்கு ஏழு நிமிடம். மற்ற ஐந்தும் அடுத்த பீரியடில்.

ஏழாவது பீரியடில் முதல் வரைவு கைக்கு வந்துவிட வேண்டும். பலரும் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள். அப்போது பிழை தெரிந்தாலும் மறுபடி அளக்க நேரம் இருக்காது. எட்டாவதில் குழுக்கள் வரைவை மாற்றிப் படித்து, ஒரு சந்தேகமும் ஒரு யோசனையும் எழுதட்டும். ‘சூப்பர்’ என்று எழுதத் தடை. ஒன்பதும் பத்தும் மறு அளவீட்டுக்கும் திருத்தத்துக்கும். பிறகு ஒத்திகை, பன்னிரண்டாவதில் தலைமையாசிரியர் முன்னால்.

மதிப்பெண்ணை மொத்தமாகக் குழுவுக்கே போட்டால் உழைத்தவன் வெறுத்துப்போவான். இருபதில் எட்டு அறிக்கைக்கு, நாலு அவரவர் குறிப்பேட்டுக்கு. மீதி எட்டுக்கு, புதிதாக ஒரு குழாயின் மூன்று அளவுகளைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் தனித்தனியே கணக்கிடச் சொல். யாருக்குப் பாடம் இறங்கியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

தொடங்குமுன் உன் பள்ளிக் குழாயில் நீயே நூறு சொட்டு பிடித்துப் பார். எத்தனை மில்லி வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
வசந்தி