தவணையை நிறுத்தியவருக்கு வட்டி விலக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டர்வொர்த்தில் சிறு குத்தகை வேலைகள் எடுத்துச் செய்பவர் என் மைத்துனர். அவருக்கு 40,000 ரிங்கிட் தர வேண்டியவர், மாதம் 2,000 கட்டுவதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மூன்றாம் தவணையோடு நிறுத்திவிட்டார். இருவரும் ஒப்புக்கொண்டபடி நீதிமன்றம் வழங்கிய அந்த இணக்கத் தீர்ப்பில் வட்டி பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் வட்டி கேட்கவே முடியாது என்று பலரும் அவரிடம் சொல்லிவிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை.

தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கு வட்டி கேட்க முடியாது என்றால் சரி. மலேசியாவின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 11ஆவது பிரிவு, விசாரணை நடந்த வழக்குகளில்தான் அந்த வட்டியை வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பேசி முடித்த தொகைக்குள் பழைய வட்டியும் அடங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட கணக்கில் நீதிபதி பிறகு கைவைப்பது முறையல்ல.

தீர்ப்புக்குப் பிந்தைய காலம் அப்படியல்ல. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 42ஆவது ஆணை, 12ஆவது விதி, தரப்பினர் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, ஒவ்வொரு தீர்ப்புக் கடனுக்கும், அதாவது தீர்ப்புப்படி கட்ட வேண்டிய தொகைக்கும், வட்டி உண்டு என்கிறது. இணக்கத் தீர்ப்புக்கு அது விலக்கு எதுவும் தரவில்லை. 2012 ஆகஸ்டு முதல் விகிதம் ஆண்டுக்கு 5 விழுக்காடு. மைத்துனருக்கு வர வேண்டிய பாக்கி 34,000 என்றால், ஆண்டுக்கு 1,700 ரிங்கிட். தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கியவருக்கு அது சின்னத் தொகையா?

ஒப்பந்தத்தில் இல்லாததை நீதிமன்றம் சேர்க்கக் கூடாது என்பார்கள். தவணை ஒழுங்காக வரும் வரை நானும் அதையே சொல்வேன். கெடு கொடுத்துவிட்டு வட்டியும் கேட்பது நியாயமில்லை. ஆனால் தவணையை முறித்தவர் அதே ஒப்பந்தத்தைக் காட்டி வட்டியிலிருந்து தப்பிக்கப் பார்ப்பதை எப்படி ஏற்பது? வட்டி வேண்டாம் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லையே! முறித்த நாளிலிருந்து பாக்கிக்கு வட்டி ஓட வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தச் சர்ச்சைக்கே இடம் தராமல், தவணை தவறினால் எத்தனை விழுக்காடு, எந்தத் தேதியிலிருந்து என்று இணக்கத் தீர்ப்பிலேயே எழுதச் சொல்லுங்கள் என வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கறிஞர்களும் கையெழுத்து வாங்குவதற்கு முன் இதைத் தமிழில் விளக்க வேண்டும். அப்புறம், தீர்ப்பு கையில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, 6 ஆண்டுகளுக்கு மேல் நிலுவையில் உள்ள தீர்ப்பு வட்டியை வசூலிக்க முடியாது.

இப்படிக்கு,
வாசகர், பினாங்கு