ஹேய்ஸ் வாழ்க்கை வரலாற்று நூலில் 16 பக்கங்கள் இல்லை: மாற்றுப் பிரதி கேட்டுப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

அமெரிக்காவின் 19ஆவது குடியரசுத் தலைவர் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸின் வாழ்க்கை வரலாற்றைச் சென்ற மாதம் உங்களிடம் வாங்கினேன். அதில் 97 முதல் 112 வரையிலான பாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் 16 பக்கத் தொகுதி) இரண்டு முறை சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பாரம், 113 முதல் 128 வரை, இல்லவே இல்லை. தொலைபேசியில் சொன்னதற்கு, "பதினாறு பக்கம்தானே சார், அடுத்த புத்தகத்தில் 50 ரூபாய் கழித்துத் தருகிறோம்" என்றார்கள். அந்தப் பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நானும் என் மகளும் இரவில் சேர்ந்து படித்து வந்த புத்தகம் இது. சின்சினாட்டியில் வக்கீலாக இருந்தபோது, தப்பி வந்த அடிமைகளுக்காக ஹேய்ஸ் வாதாடியது, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862இல் சவுத் மவுண்டன் சண்டையில் இடது கையில் குண்டடி பட்டது, 1864இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலில் நிறுத்தப்பட்டும் போர்க்களத்தை விட்டு ஓட்டுக் கேட்க வரமாட்டேன் என்று சொல்லி, வராமலே ஜெயித்தது எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

112ஆம் பக்கம் 1876 குடியரசுத் தலைவர் தேர்தலோடு நிற்கிறது. எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 தேர்வாளர் வாக்குகள் (குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் சார்பில் போடப்படும் வாக்குகள்), ஹேய்ஸுக்கு 165, ஜெயிக்க வேண்டியது 185. அடுத்து வரும் 129ஆம் பக்கத்தில் ஹேய்ஸ் வெள்ளை மாளிகையில் இருக்கிறார். "குறைவா வாங்கினவர் எப்படிப்பா ஜெயிச்சார்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புளோரிடா, லூசியானா, தென் கரோலினா, ஓரிகன் மாநிலங்களின் 20 வாக்குகள் தகராறில் இருந்தன. காங்கிரஸ் அமைத்த 15 பேர் ஆணையம், 8க்கு 7 என்ற கணக்கில் அத்தனையையும் ஹேய்ஸுக்கே கொடுத்தது. அப்புறம் 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா தலைநகரங்களில் தன் கட்சியான குடியரசுக் கட்சியின் மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற மத்திய அரசுப் படைகளை அவர் விலக்கிக்கொண்டார். கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்கு இருந்த பாதுகாப்பும் அதோடு போனது.

அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் நின்ற மனிதர் இதை எப்படிச் செய்தார்? மகள் கேட்ட அடுத்த கேள்வி இது. அதற்காகத்தான் அந்த அத்தியாயத்தைத் தேடினோம். அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான திருப்பத்தை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு முழு விலை வாங்குவது நியாயமில்லை.

தள்ளுபடி வேண்டாம். 15 நாளுக்குள் பக்கங்களைச் சரிபார்த்த நல்ல பிரதி ஒன்றை உங்கள் செலவில் அனுப்புங்கள். அதே கட்டில் வந்த மற்றப் பிரதிகளையும் பிரித்துப் பாருங்கள். இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரசீதும் பக்கங்களின் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்