முதல் தகிட

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று உன் குதிரை பொடியனைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து உன் குரல்தான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "கேன்டர் கேட்டா ட்ராட்லயே பறக்கிறான்மா, வேகம்தான் ஏறுது, கேன்டர் வரவே மாட்டேங்குது" என்றாய். ட்ராட் என்கிற இரட்டைத் தட்டு ஓட்டத்திலிருந்து கேன்டர் என்கிற மிதமான பாய்ச்சலுக்கு ஏற மாட்டேன் என்கிறான், அதுதானே? போகிற போக்கில் "பிட்டை, அந்தக் கடிவாள இரும்பை, மாத்திப் பார்க்கலாமா" என்றும் கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பிட்டை மாற்றாதே. பொடியனின் வாயில் ஒரு கோளாறும் இல்லை.

சேணம் இல்லாமல் அவிழ்த்துவிட்டால் அவன் கேன்டர் போகிறான்தானே? வேலியோரம் வாலைத் தூக்கிக்கொண்டு அழகாகப் போகிறான் என்று நீயே படம் அனுப்பினாய். ஆக, அவனுக்குக் கேன்டர் தெரியும். உன்னைச் சுமந்துகொண்டு போகத்தான் தெரியவில்லை. நின்றுகொண்டிருக்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. அதற்குக் காறை எலும்பும் கிடையாது. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தூளி கட்டினமாதிரி உடம்பு தசையில்தான் தொங்குகிறது. அந்தத் தூளிக்குக் கொஞ்சம் பின்னால் நீ ஏறி உட்கார்ந்துவிட்டாய். நாலு வயசு அவனுக்கு. முதுகெலும்பின் வளர்ச்சி முடியவே ஐந்தரை, ஆறு வயசாகும். கொஞ்சம் தடுமாறத்தான் செய்வான்.

சின்ன வயசில் உனக்கு நான் தொடையில் தட்டிக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? நடந்தால் தகதிமி, நாலு தட்டு. ட்ராட் என்றால் தக தக, இரண்டு. கேன்டர் தகிட. தகிடவுக்கு அப்புறம் ஒரு மௌனம் வரும்; நாலு காலும் காற்றில் இருக்கிற அந்த ஒரு கணம். பாட்டுக்காரர்களும் இதை நடை என்றுதான் சொல்கிறார்கள். இடது பக்கம் திரும்பும் கேன்டரில் முதல் தட்டு எங்கே விழுகிறது? வலது பின்னங்காலில். அது ஒன்றே மொத்த உடம்பையும் வாங்கி மேலே தூக்க வேண்டும். இரண்டாவது தட்டில் இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து விழும். கடைசியாக இடது முன்னங்கால். அப்புறம் காற்று.

இப்போது யோசித்துப் பார். ட்ராட்டில் விரட்ட விரட்ட அவன் எடை எங்கே போகிறது? சரிவில் உருளும் வண்டிமாதிரி முன்னால், முன்னங்கால்களுக்குப் போகிறது. முதல் தட்டைப் போட வேண்டிய பின்னங்கால் எங்கேயோ பின்னால் இழுபடுகிறது. அந்த நிலையில் நீ குதிகாலால் இடித்துக்கொண்டே இருந்தால் அவனால் செய்ய முடிவது ஒன்றுதான், இன்னும் வேகமாக ஓடுவது. கேன்டர் என்பது வேகம் இல்லை, கண்ணு. வேகமான ட்ராட் மெதுவான கேன்டரை முந்திப் போய்விடும்.

அதனால் ஒரு வாரம் அவன்மேல் ஏறாதே. நீளக் கயிற்றில் சுற்றவிடு, சேணத்தோடு. கால் வைக்கிற அங்கவடிகள் விலாவில் தட்டுவதும் அவனுக்குப் பழகட்டும். வட்டம் 20 மீட்டருக்குக் குறைய வேண்டாம்; சின்ன வட்டத்தில் கேன்டர் கேட்பது அந்த இளம் மூட்டுகளுக்கு அநியாயம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒரே சொல்லை, ஒரே ராகத்தில், கேன்டர் வருகிற அந்த வினாடியில் சொல். நான் "ஹாஆ-அப்" என்று இழுப்பேன், உன் அப்பா கேலி செய்வார். எந்தச் சொல் என்பது முக்கியமில்லை. மேலே ஏறிய பிறகு உன் கால் சொல்வது அவனுக்குப் புரியாது, ஆனால் அந்தச் சொல் புரியும்.

சுற்றும்போது அவன் மூச்சைக் கேள். கேன்டரில் குதிரை ஒரு அடிக்கு ஒரு மூச்சுத்தான் விடும். காலும் நுரையீரலும் ஒரே தாளம். பயந்த குட்டி மூச்சை அடக்கிக்கொண்டு நாலைந்து அடி போகும். அப்புறம் திடீரென்று மூக்கிலிருந்து "புர்ர், புர்ர்" என்று ஒவ்வொரு அடிக்கும் வரும். கழுத்து ஒரு சாண் இறங்கும். உள்பக்கக் காது உன் பக்கம் திரும்பும். இது இரண்டு பக்கமும் சுலபமாக வந்த பிறகு ஏறு, அதற்கு முன்னால் வேண்டாம்.

ஏறிய அன்றைக்கு ட்ராட்டை முதலில் சரிபண்ணு. நிதானமாக, எண்ணினால் தப்பாத ட்ராட். மூலைக்கு வரும்போது ஓரிரண்டு அடி உட்கார்ந்து, உள்பக்கக் காலைச் சேணக் கச்சையருகே வை, வெளிப்பக்கக் காலை ஒரு கையகலம் பின்னால் கொண்டுபோ, பழைய சொல்லைச் சொல். ஒரே ஒரு தடவை. வந்தால் வந்தது. ஓட ஆரம்பித்தால் இடிக்காதே, திட்டாதே. ட்ராட்டுக்கே திரும்பி, ஒரு வட்டம் போட்டு, தாளம் பழையபடி அமைந்த பிறகு மறுபடி கேள். பத்துத் தடவை திரும்பினாலும் பரவாயில்லை. அதில் ஒன்றும் அவமானம் இல்லை, உன்னைப் பார்க்க அங்கே யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரவில்லை.

வந்ததும் நீ என்ன செய்வாய் என்பதுதான் எனக்குப் பயம். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் குதிரை கறுப்பி ஏன் கேன்டர் என்றாலே தலையைத் தூக்கி வாயைப் பிளப்பாள் என்று கேட்பாயே, "அது அவ சுபாவம்" என்று சொல்லி வைத்தேன். சுபாவம் இல்லை. முதல் நாள் நான் கேட்டவுடன் கொடுத்தாள், எதிர்பார்த்ததைவிடப் பெரிய எழும்பல். நான் பின்னால் சாய்ந்துவிட்டேன், விழாமல் இருக்கக் கடிவாள வாரில் தொங்கினேன். கேட்டதைச் செய்தவளுக்கு வாயில் அடி. நாலு தடவை அப்படியே நடந்தது. அதற்குமேல் அவளுக்குப் பாடம் மனப்பாடம்: கேன்டர் என்றால் வாய் வலிக்கும். அதை மறக்கவைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது, முழுசாக மறக்கவும் இல்லை.

ஆகவே அவன் எழும்பும்போது உன் கை முன்னால் போக வேண்டும். சேணத்தைவிட்டு லேசாக எழுந்துகொள், முதுகை அவனுக்கு விட்டுக்கொடு. நிலை தப்பினால் பிடரியைப் பிடி. ஆறேழு அடி வந்தால் போதும், நீயாகவே ட்ராட்டுக்கு இறக்கு. தானாக உடைந்து இறங்கும்வரை காத்திருக்காதே. அப்புறம் வாரைத் தளரவிட்டு நடக்கவிட்டு, இறங்கிவிடு. "இன்னொரு வட்டம்" என்று உன் மனசு கேட்கும். எனக்குத் தெரியும், நீ என் பெண்.

வட்டத்தின் உள்பக்க முன்னங்கால் முந்தாமல், தப்பான காலில் ஆரம்பித்தால் சும்மா விடு. முதல் மாதத்தில் கேன்டர் வந்ததே பெரிசு. ஆனால் எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம்தான் வருகிறது, மறுபக்கம் வரவே மறுக்கிறான் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதுகையும் சேணத்தையும் பல்லையும் பார்க்கச் சொல். எந்தக் கால் என்று குனிந்து பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு, அதை விடு. ஓடும் குதிரையின் காலைக் கண்ணால் பிடிக்க முடியாமல்தான் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் 1878-ல் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்தார். நீ குனிந்தால் உன் தலையின் பாரம் அவன் தோளில் விழும், அவ்வளவுதான் மிச்சம். உன் எந்த இடுப்பு முன்னால் போகிறது என்று கவனி. இடது இடுப்பு என்றால் முந்துவது இடது முன்னங்கால்.

துள்ளினால்? சந்தோஷத்தில் ஒன்று துள்ளினால் தலையை உயரவைத்து முன்னால் போகச் சொல், அடிக்காதே. ஒவ்வொரு தடவையும் துள்ளினால் அவனுக்கு எங்கோ வலிக்கிறது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். பாதி நேரம் அந்தக் குழியை வெட்டியது சேணம் கட்டிய ஆள்.

மைதான வட்டத்தில் மனசு வராத குட்டி வெளியே போனால் தானாகக் கொடுப்பதும் உண்டு. நிதானமான பெரிய குதிரை ஒன்று முன்னால் போகட்டும், லேசான மேட்டில் கேள். ஏற்றம் பின்னங்காலைத் தானாக அடியில் கொண்டுவரும். லாயத்தைப் பார்த்த திசையில் மட்டும் கேட்காதே. அப்புறம் அது கேன்டர் இல்லை, நாலுகால் பாய்ச்சல்.

பார்சலில் ஒரு வார் இருக்கும். பழைய அங்கவடி வார்தான், வேறு ஒன்றும் இல்லை. அவன் கழுத்தில் தளர்வாகக் கட்டு, நாலு விரல் உள்ளே போக வேண்டும். கேன்டர் கேட்கும்போது இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொள். நீ தடுமாறினால் கழுத்து தாங்கும், வாய் தப்பிக்கும். அந்த ஐந்து மாதமும் கறுப்பியின் கழுத்தில் இருந்தது இதுதான். மூன்றாவது ஓட்டை அவளுக்கு. பொடியனுக்கு ஐந்தாவது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏறினதும் போன் பண்ணு. எத்தனை அடி வந்தது என்று மட்டும் சொல்.

அம்மா